புதன்கிழமை சேப்பல்

தெல்மா சுடும் எலுமிச்சைக் கேக்கை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அன்றைக்கு இரண்டு துண்டு சாப்பிட்டேன். இன்னும் ஒரு மாதத்தில் இவளைப் பார்த்து ஊரே சிரிப்பாய்ச் சிரிக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டேதான் சாப்பிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் கதையைப் படிக்க வேண்டாம்.

எங்கள் பெல்லிங்டனில் கால்வாய் மேடேறுகிறது. அதற்காக ஏழு மதகுகள். படகு உள்ளே நுழையும், பின்கதவைச் சாத்துவார்கள், தண்ணீர் நிரம்பும், படகு மேலே வரும். இருநூறு வருடமாக நடக்கிற இந்தக் காரியத்தைப் பார்க்கப் பாலத்தின்மேல் எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். ஐஸ்கிரீம் உருகி முழங்கைக்கு வழிவதுகூடத் தெரியாமல் நிற்கும். கதவைத் தள்ள ஒரு கை கொடுக்காது. படகுக்காரர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் கொங்கூஸ்லர்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. லிங்கன்ஷயர் பக்கத்துப் பேச்சில் ‘கான்’ என்றாலும் ‘கூஸ்’ என்றாலும் வெறிக்க வெறிக்கப் பார்ப்பது. இரண்டையும் ஒட்டி, ஆளைக் குறிக்கும் ‘அர்’ விகுதியை வாலில் கட்டிவிட்டார்கள் என்பது ஒரு யூகம். அச்சில் முதலில் கிடைப்பது 1904-ல், ஒரு கால்வாய் வழிகாட்டியின் கடைசிப் பக்கச் சொற்பட்டியலில். அதற்கு முன் ஒன்றுமில்லை. அந்த ‘அதற்கு முன்’னில் நான் பத்தொன்பது வருடம் தொலைத்திருக்கிறேன்.

நான் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதோடு முப்பது வருடமாகப் பெரிய அகராதி ஒன்றுக்குச் சம்பளமில்லாத வாசகி. எங்களைப் போல நாடெங்கும் சில நூறு பேர் உண்டு. பழைய புத்தகம், கடிதம், ரசீது, கல்லறைக் கல் எதைப் படித்தாலும், கண்ணில் பட்டதை உள்ளங்கை அகலச் சீட்டில் உடனே எழுத வேண்டும். மேலே வலது மூலையில் எழுதிய நாள், கீழே பெயரின் முதலெழுத்துகள். நாள் இல்லாத சீட்டு குப்பைக்குப் போகும். என் கோட்டுப் பையில் பத்துச் சீட்டும் ஒரு துண்டுப் பென்சிலும் இல்லாத நாள் கிடையாது. சர்ச்சில் பிரசங்கம் கேட்கும்போதுகூடக் கை தானாக எழுதும்.

கொங்கூஸ்லர் பற்றி எனக்கென்று ஒரு கட்சி இருந்தது. ஆளின் பெயர்தான் முதலில் பிறந்தது. ‘அர்’ விகுதியை வெட்டி ‘இங்’ விகுதியை ஒட்டி, ‘கொங்கூஸ்லிங்’ என்று வேலைக்குப் பெயர் உண்டாக்கியது பிற்பாடு என்பது என் கட்சி. எங்கள் ஆட்கள் இப்படிச் செய்யக்கூடியவர்களே. வீடு புகுந்து திருடுகிறவனுக்கு முதலில் ‘பர்க்லர்’ என்று பெயர் வைத்துவிட்டு, அதிலிருந்து அவன் செய்கிற தொழிலுக்கு ‘பர்கிள்’ என்று ஒரு வினையை அறுத்தெடுத்தவர்கள். 1988-ல் அகராதி அந்தப் பக்கங்களைத் திருத்த எடுத்தபோது, வாசகர்களுக்கான அவர்கள் இதழில் என் பெயரில் இரண்டு பக்கம் எழுதித் தரவும், ஜூன் விழாவில் அதைப் பற்றிப் பேசவும் சொன்னார்கள். என் பெயரில். முப்பது வருடத்தில் முதல் தடவை.

அந்த மார்ச் எட்டாம் தேதிதான் தெல்மா தேநீருக்குக் கூப்பிட்டாள்.

தெல்மாவும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பாட்டுக் குழுவில் நான் நான்கு வருடம் பயிற்சி செய்தேன். தனிப்பாட்டு அவளுக்குக் கிடைத்தது, அதுவும் அவள் சளிப் பிடித்திருந்த வாரத்தில். 1950 அறுவடை நடனத்தில் நார்மன் டாரன்ட் என்னோடு இரண்டு முறை ஆடினார். மூன்றாவது முறை தெல்மாவோடு ஆடினார். அவ்வளவுதான், அவள் தெல்மா டாரன்ட் ஆனாள். மூன்றாம் மதகின் ஓரத்தில் நார்மனின் தாத்தா எஸ்ரா குடியிருந்த வீடு அவளுக்கு வந்தது. எஸ்ரா அந்த மதகின் காவல்காரர். இப்போது அந்த வீட்டு ஜன்னலில் தெல்மா தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் விற்கிறாள். நான் வருந்திக் கேட்டதெல்லாம் அவளுக்குக் கேட்காமலே வந்து விழும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, எரிச்சல்தான் உண்டு.

“கை கழுவிட்டு வாடி. வெண்ணெய்க் கையோட பழைய பேப்பரத் தொட்டா நீதான் கத்துவ,” என்றாள் தெல்மா. “மேல தொட்டி ஒழுகுதுன்னு நார்மன் பரண ஒழிச்சாரு. தாத்தாவோட டைரி கிடைச்சுது. இதப் பாரு, இது உன்னோட அந்த வார்த்தைதானே? கிறிஸ்துமஸ் விருந்துலகூட அதையே போட்டு அரைப்பியே.”

கால்வாய்க் கம்பெனி மதகுக் காவலர்களுக்குக் கொடுத்த அச்சு நாட்குறிப்பு. அட்டையிலும் முதல் பக்கத்திலும் 1873 என்று போட்டிருந்தது. தெல்மாவின் விரல் ஆகஸ்ட் ஐந்து, செவ்வாய் என்ற பக்கத்தில் இருந்தது. எஸ்ராவின் கோழிக் கிறுக்கல்: ‘பாலத்தில் பதினொரு பேர், காலை முதல் கொங்கூஸ்லிங். ஒருவனும் கை கொடுக்கவில்லை.’

கொங்கூஸ்லிங். 1873. அச்சுக்கு முப்பத்தொரு வருடம் முன்னால். அதுவும் வினை, ஆளின் பெயருக்கும் முந்தி. என் கட்சி, என் இரண்டு பக்கம், பத்தொன்பது வருடம், எல்லாவற்றையும் இந்தப் பெண் தொட்டி ஒழுகியதால் கவிழ்த்துவிட்டாள்.

“கெண்டி கொதிக்குது, இரு,” என்று அவள் உள்ளே போனாள்.

நான் பக்கத்தைப் புரட்டினேன். ஆகஸ்ட் ஆறு, புதன்: ‘சேப்பல், காலையும் மாலையும். மதகு மூடல். முட்டி வலி.’ பதின்மூன்று, புதன்: ‘சேப்பல். பிரசங்கம் இரண்டு மணி நேரம்.’ இருபது, புதன்: ‘சேப்பல். மாட்டிறைச்சி வேகவில்லை.’ ஞாயிறு என்று அச்சிட்டிருந்த பக்கங்களிலோ நிலக்கரிப் படகுகள் எண்ணிக்கையோடு போய்க்கொண்டிருந்தன. எஸ்ரா எவ்வளவு பெரிய பக்திமான் என்று ஊருக்கே தெரியும். அந்த மனுஷன் ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை படகு விட்டுவிட்டு, புதன்கிழமை ஜெபக்கூடமான சேப்பலுக்குப் போவாரா? 1873-ல் அவருக்கு இருபத்தெட்டு வயது. இருபத்தெட்டில் என்ன முட்டி வலி?

விஷயம் ஒரு நொடியில் விளங்கியது. கம்பெனி வருடா வருடம் கொடுத்த நாட்குறிப்பில் எழுதாமல் விட்டதை எஸ்ரா வீணாக்கவில்லை. முப்பது நாற்பது வருடம் கழித்து, கிழவரான பிறகு எடுத்து எழுதியிருக்கிறார். தேதி சரியாக இருந்தால் போதும், கிழமையைப் பற்றி அவருக்கென்ன? எந்த வருடத்தில் இந்தப் புதன்கள் ஞாயிறாகும் என்று மனம் கணக்குப் போட்டது. கையும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

தட்டோடு தெல்மா வரும் சத்தம் கேட்டது. புத்தகத்தைப் பட்டென்று மூடினேன்.

“ஏண்டி முகம் இப்பிடி வெளுத்துப் போச்சு?”

“சந்தோஷம்தான்.”

“அப்ப இத அனுப்பலாமா? நீதான் எழுதிக் குடுக்கணும். எனக்கு என்ன தெரியும், ஸ்கோன் சுடத்தான் தெரியும்.”

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘தெல்மா, இது 1873 இல்லை.’ அவ்வளவு போதும். நான் சொல்லவில்லை. அகராதிக்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பவர்கள். கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் தெல்மா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பாள். ஒரே ஒரு தடவை, அறுபது வயதிலாவது, அவள் மூக்கு உடைவதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

அச்சில் வராத, கையால் எழுதிய ஆதாரம் என்றால் அகராதிக்கு மூன்று வேண்டும்: அந்தப் பக்கத்தின் நகல், ஆண்டு போட்ட முதல் பக்கத்தின் நகல், மூலத்தை நேரில் பார்த்த வாசகர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. நகலெடுக்கிற கடைக்கு அன்று மாலையே தெல்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் எழுதினேன்: ‘மூலத்தைப் பார்த்தேன். நகல் மூலத்தில் உள்ளபடியே இருக்கிறது. மியூரியல் டன்மோர், 8.3.88.’ ஒவ்வொரு சொல்லும் நிஜம். ஆண்டு சரி என்று நான் எங்கே எழுதினேன்? முப்பது வருடம் சொற்களோடு குடித்தனம் செய்தவளுக்குப் பொய் சொல்லாமலே ஏமாற்றத் தெரியும்.

ஏப்ரலில் பதில் வந்தது. திருப்பி அனுப்பவில்லை. நீண்ட பாராட்டுக் கடிதம். அதன் பின்னாலேயே வட்டாரப் பத்திரிகைக்காரன் வந்து, மதகுக் கதவில் சாய்ந்தபடி தெல்மாவைப் படம் எடுத்தான். அவள் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, அப்படியும் படம் நன்றாக வந்தது. ஜன்னலுக்கு வெளியே புதுப் பலகை முளைத்தது: ‘1873 முதல் கொங்கூஸ்லர்களுக்குத் தேநீர்.’ நான் தினமும் ரொட்டி வாங்க அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

மே மாதம் அகராதி ஆசிரியர் பார்ஜட்டர் நேரிலேயே வந்தார். முப்பத்தைந்து வயது, கார்டுராய் கால்சட்டை. மூன்று ஸ்கோன் சாப்பிட்டார்.

“முழு டைரியையும் வாங்கிப் பாக்கலாம்னுதான் முதல்ல இருந்தோம்,” என்றார். “அப்புறம் சாட்சி யாருன்னு பாத்தோம். மிஸ் டன்மோர், உங்க கையெழுத்து இருந்தா நாங்க மேல ஒண்ணும் கேக்கறதில்ல.”

“பாத்தியா,” என்று தெல்மா என் தோளில் தட்டினாள். “எங்க மியூரியல் பேருக்கு அவ்வளவு மதிப்பு.”

அவர் வாயில் ஜாம் ஒட்டியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பாராட்டி ஒருவர் பேசி, அது சாணியடித்த மாதிரி இருந்தது அன்றைக்குத்தான்.

போகும்போது என் இரண்டு பக்கத்தை உறையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். வினை முப்பது வருடம் முன்பே இருந்தது என்று ஆகிவிட்டபடியால் இதைப் போட முடியாதாம். ஜூனில் வாசகர்கள் கூடும் விழாவில் என் இடத்தில் மிஸஸ் டாரன்ட் பேசுவாராம்.

“எனக்கு மேடைன்னா கால் நடுங்கும்டி,” என்றாள் தெல்மா. “நீதான் பேச்ச எழுதித் தரணும். ‘அர்’ வால், ‘இங்’ வால்னு ஏதோ சொல்லுவியே, அதையெல்லாம் போட்டு.”

அந்த இரவு நான் தூங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். நன்றாகத் தூங்கினேன்; காலையில் பல் துலக்கும்போதுதான் ஆத்திரம் வந்தது. என் சொல், என் கட்சி, என் மேடை. எல்லாவற்றையும் என் கையெழுத்தாலேயே தூக்கி அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். இனி அகராதியில் ஒரு பொய் ஆண்டு நூறு வருடம் உட்கார்ந்திருக்கும், அவள் பெயரோடு. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். உண்மைமேல் இருந்த பிரியத்தால் இல்லை.

திட்டம் எளிது. பேச்சு எழுதுவதற்காக டைரியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்பேன். புரட்டுவேன். திடுக்கிடுவேன். ‘அடடா, இது எப்படி என் கண்ணில் படாமல் போனது’ என்பேன். கண்ணாடி முன்னால் இரண்டு தடவை திடுக்கிட்டுப் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

சனிக்கிழமை போனேன். நார்மன் சமையலறை மேஜையில் கழற்றிய குழாய் மூடி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெல்மா தேநீர் ஊற்றினாள். மேஜையில் கேக் இல்லை. ரொட்டியும் வெண்ணெயும் இருந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை.

டைரியைப் புரட்டினேன். சரியான இடத்தில் நிறுத்தினேன். திடுக்கிட்டேன்.

“தெல்மா, இங்க பாரேன். புதன்கிழமை சேப்பல்னு போட்டிருக்கு. அடுத்த வாரமும் புதன். ஐயையோ, எனக்குப் பயமா இருக்குடி. இந்த வருஷம் சரிதானா?”

நார்மன் குழாய் மூடியைக் கீழே வைத்தார்.

“எங்க தாத்தா புதன்கிழமை சேப்பலுக்குப் போற ஆளா, மியூரியல்?” என்றார். “ஞாயித்துக்கிழமை ஷூவுக்கு பாலிஷ் போட்டதுக்கே எங்கப்பாவுக்கு அடி விழுந்திருக்கு.”

“ஜூன் இருவத்திரெண்டப் பாரு,” என்றாள் தெல்மா.

பார்த்தேன். ஞாயிறு என்று அச்சிட்ட பக்கம். ‘ராஜா முடிசூடலுக்குப் பாலத்தில் கொடி கட்டினேன். பிள்ளைகளுக்கு பன்.’ 1873-ல் இந்த நாட்டில் ராஜா ஏது, ராணி அல்லவா? ஜூன் இருபத்திரண்டில் ராஜா முடிசூடியது 1911.

“போன வாரம் நார்மனுக்குப் படிச்சுக் காட்டிட்டு இருந்தேன், பேச்சுக்கு ஒத்திகையா,” என்றாள். “அன்னிக்கே பார்ஜட்டருக்கு எழுதிப் போட்டுட்டேன். வருஷம் தப்பு, மன்னிச்சுக்குங்கன்னு. பலகையையும் கழட்டிட்டாரு நார்மன். நீ வரும்போது பாக்கலியா?”

நான் பார்க்கவில்லை. முகத்தில் திடுக்கிடலைச் சுமந்துகொண்டு வந்தவளுக்குப் பலகை எங்கே தெரியும்? அந்த நேரத்திலும் எனக்கு அவள்மேல் பொறாமைதான் வந்தது. நான் மூன்று மாதமாகத் தொண்டையில் வைத்துக்கொண்டு தவித்ததை, இவள் ஒரு ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து ரொட்டி அறுத்திருக்கிறாள்.

“நீயா கண்டுபிடிச்ச?” என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“நானா? எனக்கு ஏது அவ்வளவு மூள? உள்ள ஒரு சீட்டு இருந்துது.”

கோட்டுப் பையில் கை போனது. அதில் சீட்டும் பென்சிலும் இருக்கும் என்று பார்க்காமலே தெரியும். மார்ச் எட்டாம் தேதி, கெண்டி கொதித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடத்தில் என் கை என்ன செய்தது என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“‘ஞாயிறுக்குப் பதில் புதன். 1905? 1911?’ அப்பிடின்னு பென்சில்ல இருந்துது,” என்றாள் தெல்மா. “மேல எட்டு, மூணு, எம்பத்தெட்டு. கீழ எம்.டி. எனக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. நார்மன்தான் சேப்பல்னு எழுதியிருந்ததப் பாத்து விளக்கினாரு.”

“தெல்மா...”

“ரெண்டு துண்டு கேக் சாப்பிட்டடி அன்னிக்கு. மூணாவதையும் பொட்டலம் கட்டிக் குடுத்தேன்.”

நார்மன் எழுந்து தோட்டத்துக்குப் போனார். 1950-லும் அவர் இப்படித்தான், சங்கடம் வந்தால் வெளியே போய்விடுவார்.

“அந்தச் சீட்டு எங்க?” என்றேன்.

“அனுப்பிட்டேன். நாள் போட்ட சாட்சி இல்லாம எதையும் அவங்க நம்ப மாட்டாங்கன்னு நீதான சொல்லுவ? நாள் போட்டிருந்துது. அதோட, இத மொதல்ல கண்டுபிடிச்சது நீதானே. உன் பேரு வரணும் இல்ல?”

அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். இது அன்பா, பழி வாங்கலா என்று ஐம்பது வருடப் பழக்கத்தில் தெரிய வேண்டும். தெரியவில்லை. அவள் ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

“சாப்பிடு. வெண்ணெய் நல்ல வெண்ணெய்தான்.”

பார்ஜட்டரின் கடிதம் பத்து நாளில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். ஆளின் பெயருக்கு 1904 என்பதே நிற்கிறது. வினைக்கு அவர்கள் கையில் இருப்பதிலேயே பழையது எஸ்ரா டாரன்டின் நாட்குறிப்பு, ஆண்டு 1911. ஆகவே அது அகராதியில் இடம்பெறும், உதவி மிஸஸ் தெல்மா டாரன்ட் என்ற குறிப்போடு. ஆள் முதலில், வேலை பிற்பாடு என்ற மிஸ் டன்மோரின் கருத்துக்கு இந்த நாட்குறிப்பு வலுவான ஆதாரம் என்றும் ஒரு வரி இருந்தது. கட்டுரையைத் திரும்பக் கேட்டு ஒரு வரியும் இல்லை.

வலுவான ஆதாரம் என்ற அந்த வரியை நான் நின்றுகொண்டே மூன்று முறை படித்தேன். அந்த மேஜையில், அந்தக் கெண்டி கொதிக்கும்போது, என் கட்சியை ஜெயிக்க வைக்கும் சாட்சி என் மடியில் கிடந்திருக்கிறது. வினைக்கு வயது 1904-க்குப் பின்னால் என்று காட்டியது அதே புதன்கிழமைகள்தான். நான் வாயைத் திறந்திருந்தால் போதும். தெல்மா தோற்பதையே பார்த்துக்கொண்டிருந்ததில், நான் ஜெயித்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

கடைசிப் பத்தி சின்னது. முப்பது ஆண்டு உழைப்புக்கு அகராதி கடன்பட்டிருக்கிறது. இனி மிஸ் டன்மோரின் சாட்சிக் கையெழுத்து தேவைப்படாது. இரண்டு ஆவணங்களும் முறைப்படி கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளன.

அகராதி அலுவலகத்தில் எதையும் எறிய மாட்டார்கள். ஒரு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பெட்டி, தூசி தட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். நூறு வருடத்துச் சீட்டுகூட நேற்று எழுதியது போல எடுத்துக் கொடுப்பார்கள். இனிமேல் கொங்கூஸ்லர் பெட்டியை யார் திறந்தாலும் அதில் என் கையெழுத்தில் இரண்டு தாள் இருக்கும். ஒன்றில், எல்லாம் உள்ளபடியே இருக்கிறது என்று மையில் எழுதியிருக்கும். மற்றதில், இல்லை என்று பென்சிலில் எழுதியிருக்கும். இரண்டிலும் ஒரே நாள். அவற்றைச் சேர்த்து ஒரு குண்டூசி குத்தியிருப்பார்கள்.